அணச்சுத் தந்தா மதி

"வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல ஆசானே, அந்த மஞ்ச லைட்ட மட்டும் அணச்சுத் தந்தா மதி."

கேரள-தமிழக எல்லையில், பாறசாலைப் பக்கம் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பேச்சு பழக்கமானது. மதி என்றால் இங்கே போதும் என்று பொருள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. வண்டி ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, மைலேஜும் பெரிதாகக் குறையவில்லை. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேனரைச் செருகி எரரை அழித்தால் அரை நிமிடத்தில் அணைந்துவிடும். அப்படி அணைத்துக் கொடுத்துக் காசு வாங்கும் கடைகள் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. இதனால் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் சில மாதம் கழித்து, உருகிப்போன கேட்டலிஸ்டோடு, அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் உறுப்போடு, திரும்பி வந்ததும் உண்டு.

நான் தொழில் பழகியது கார்புரேட்டர் காலத்தில். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800. பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்தாலே எஞ்சின் இருக்கும் நிலை தெரிந்துவிடும். இளம் செங்கல் நிறம் என்றால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. என் ஆசான் சைலன்சர் வாய்க்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டி, வரும் காற்றின் துடிப்பை வைத்தே மிஸ் அடிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். இன்றைக்கு ஆக்ஸிஜன் சென்சார் செய்வதும் அந்த வேலைதான். புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று கம்ப்யூட்டருக்கு நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைப் பிடித்து வைத்திருக்கத்தான் இத்தனை ஏற்பாடும். அந்தக் கணக்கில்தான் கேட்டலிஸ்ட் ஒழுங்காக வேலை செய்யும்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு எங்கள் தோட்டங்களுக்கும் தெருக்களுக்கும் நடுவே போனது. என் கடை முற்றத்தில் பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20, மார்த்தாண்டத்தின் டிஎன் 75 மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். வருபவர்களில் பாதிப்பேர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். தமிழகப் பக்கம் களியக்காவிளையில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லை தாண்டிப் போய் டாங்கை நிரப்பிவிட்டு வருவார்கள். இந்தப் பழக்கத்துக்கும் மஞ்சள் லைட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விளக்கு காரின் நலனுக்காகப் பிறந்தது அல்ல. ஊர்க் காற்றின் நலனுக்காகப் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் புகைமூட்டத்தில் திணறிய காலத்தில், கார்ப் புகை வெயிலில் வேதிமாற்றம் அடைந்துதான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களில் காட்டினார். அங்கிருந்து கலிபோர்னியாவின் சட்டங்கள் வளர்ந்தன. 1988 மாடல் கார்கள் முதல் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைக் காரே கண்காணிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் விதித்தது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் அந்தக் கண்காணிப்பின் அடுத்த வடிவமான ஓபிடி-2 வந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் பதினாறு ஊசி சாக்கெட் அதன் வழி வந்ததுதான். நம் நாட்டில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிஸ்ட் கட்டாயமானது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. பிஎஸ்4 என்ற பாரத் ஸ்டேஜ் புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010-ல் முதல் கட்ட ஓபிடியும், 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6. டீசலில் இருந்த கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது. கந்தகம் இப்படிக் குறைந்தது, டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டிக்கு வழியை எளிதாக்கியது.

லைட் எரிந்தால் கார் சொல்வது ஒன்றுதான்: வெளியே போகும் புகை அளவு மீறுகிறது, அல்லது புகையைக் கண்காணிக்கும் உறுப்பு ஒன்று பேசவில்லை. பெரும்பாலான குறைகளை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிட்டு லைட்டைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தெரிந்தால்தான் போடும். குறை தீர்ந்துவிட்டால் மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு தானே அணைந்துவிடும். லைட் நின்று எரிந்தால் பதற வேண்டாம், அந்த வாரத்துக்குள் காட்டினால் போதும். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே கேட்டலிஸ்டுக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அந்தச் சூட்டில் உருகிக் கட்டியாகிவிடும். மின்னும் லைட்டோடு அமரவிளையிலிருந்து திருவனந்தபுரம் வரை போய்விட்டு வருபவர், பிளக்கும் காயிலும் மாற்றி முடிய வேண்டிய வேலையைக் கேட்டலிஸ்ட் வரை கொண்டுபோய்விடுகிறார். மின்னினால் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஓரம் கட்டுங்கள்.

ஸ்கேனர் காட்டும் எரர் எண்ணைப் பார்த்ததும் அந்தப் பெயர் கொண்ட உறுப்பை மாற்றிவிடுவது இன்று தொழிலில் பரவியிருக்கும் நோய். பி0171 என்றால் ஆக்ஸிஜன் சென்சார், பி0420 என்றால் கேட்டலிஸ்ட், பி0401 என்றால் புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். புளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதால் வண்டிக்காரர்களும் அந்த எண்ணோடேயே வருகிறார்கள். அந்த எண், குறை எங்கே தெரிந்தது என்று மட்டும் சொல்லும். எதனால் வந்தது என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பாலராமபுரத்தில் கைத்தறி வியாபாரம் செய்யும் ஒருவர் சிறிய பெட்ரோல் கார் கொண்டுவந்தார். எரர் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை. வேறு இடத்தில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள், எரரை அழித்திருந்தார்கள், மறுபடியும் வந்துவிட்டது. நான் முதலில் பார்ப்பது ஃபியூயல் டிரிம் என்ற கணக்கை. கம்ப்யூட்டர் தன் வழக்கமான அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்று அது காட்டும். ஐடிலிங்கில் 24 சதவீதம் கூடுதல். எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தேன், 5-க்கு இறங்கியது. இந்த இரண்டு எண்களிலேயே பாதி விடை வந்துவிட்டது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம். எங்கேயோ ஓட்டை வழியாகக் கள்ளக்காற்று நுழைந்தால் அந்தக் கொஞ்சத்தில் அது பெரிய பங்கு. ரேஸ் செய்யும்போது எஞ்சின் ஏராளமாகக் காற்று இழுப்பதால் ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். மாறாக, லோடு ஏற ஏறக் கணக்கும் ஏறினால் பம்ப்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்க வேண்டும். சென்சார் கெட்டிருந்தால் இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது.

ஸ்மோக் மெஷினை இன்டேக் குழாயில் மாட்டிப் புகையை ஏற்றினோம். எஞ்சின் மேலே ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக் குனிந்து பார்த்தபோது, எஞ்சின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ரப்பர் குழாயின் வளைவில், அடிப்பக்கத்தில், நூல் கனத்துக்குப் புகை எழும்பியது. குழாயை விரலால் அமுக்கினால் விரிசல் வாயைத் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. சூட்டில் வெந்து, எண்ணெயில் ஊறி, ரப்பர் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. புதுக் குழாயின் விலை, அவர் ஏற்கெனவே செலவழித்ததில் சிறு பங்குகூட இல்லை. மாற்றியதும் ஐடிலிங் கணக்கு 3-க்கு வந்தது. எரரை அதற்குப் பிறகுதான் அழித்தேன்.

எத்தனால் கலப்பையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு என்பதால் அதை எரிக்கக் காற்று குறைவாகப் போதும். கலவைக் கணக்கு 14.7-லிருந்து ஏறத்தாழ 13.5-க்கு இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பழைய கார் இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே சிறிய கள்ளக்காற்று ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும் காரை இது வரம்புக்கு மேலே தள்ளிவிடும். "புது பெட்ரோல்தான் காரணம்" என்று வருபவர்களிடம், பெட்ரோலைத் திட்டுவதற்கு முன் குழாய்களைப் பார்த்துவிடலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி களியக்காவிளை விஷயம். விலை குறைவாக இருக்கிறதே என்று பம்ப் கன் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம், கழுத்து வரைக்கும்" என்று ஊற்றச் சொல்வார்கள். டாங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் இருக்க, கரி நிரப்பிய டப்பா ஒன்று, கேனிஸ்டர் என்போம், எல்லா பெட்ரோல் காரிலும் இருக்கிறது. அது ஆவியைப் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது அதற்கே எரிக்கக் கொடுக்கும். கழுத்து வரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் திரவ பெட்ரோலே கரிக்குள் இறங்கும். ஊறிப்போன கரி வேலைக்கு ஆகாது. நிரப்பிய அன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஐடிலிங் தடுமாறும், பெட்ரோல் அதிகம் என்று எரர் வரும். சேமித்த சில ரூபாயைவிடக் கேனிஸ்டர் விலை எவ்வளவோ அதிகம். கன் நின்றால் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். யூடியூபில் அமெரிக்கர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, பெட்ரோல் மூடியை இறுக்கித் திருகினால் லைட் அணைந்துவிடும் என்று முயன்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்குள்ள கார்கள் டாங்கில் ஆவிக் கசிவு இருக்கிறதா என்று தாமே சோதித்துக்கொள்ளும். நம் ஊர் கார்கள் பெரும்பாலும் அந்தச் சோதனையைச் செய்வதில்லை. மூடியைத் திருகுவதில் இங்கே பலன் இல்லை.

எங்கள் மண்ணுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. ஜூனில் மழை பிடித்ததும் எலி சூடு தேடி எஞ்சினுக்குள் ஏறும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, பலா மரத்தடியில் வண்டி நிறுத்தும் வீடுகளில் இது வருடா வருடம் நடப்பது. ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் எரர் பி0135 காட்டிய ஒரு காரில், சென்சார் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்தேன், 12 வோல்ட் வரவேயில்லை. சென்சார் கெட்டிருந்தாலும் கரண்ட் வந்தாக வேண்டும் அல்லவா? ஃபியூஸ் சரி. வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கியபோது அடியில் பலாக்கொட்டைத் தோல்கள் குவிந்து கிடந்தன. அதற்குப் பக்கத்தில் இரண்டு வயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருந்தன. சில ஆயிரம் ரூபாய் சென்சாரை மாற்றினாலும் அந்த லைட் அணைந்திருக்காது. வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவது கூடாது. அடுத்த மழையில் பச்சை பூத்து மறுபடி அறுந்துவிடும். சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும்.

பூவார், பொழியூர் கரையோர வண்டிகளில் உப்புக் காற்று சைலன்சர் இணைப்புகளை அரித்துவிடும். பி0420 எரரோடு, கேட்டலிஸ்ட் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்டு வரும் வண்டிகளில் நான் முதலில் படுத்துப் பார்ப்பது அந்த இணைப்புகளைத்தான். கேட்டலிஸ்டுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டலிஸ்ட் நன்றாக இருந்தால் பின்சென்சார் ஆடாமல் ஒரே அளவில் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கேட்டலிஸ்ட் ஓய்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஆனால் நடுவில் துருப்பிடித்த இணைப்பில் ஊசித்துளை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் பின்சென்சாரின் கணக்கு குழம்பும். அப்படிப்பட்ட துளையைச் சுற்றி மயிரிழை போல் கறுப்புக் கரிக்கோடு ஒன்று தெரியும். கேஸ்கட் மாற்றி முடிய வேண்டியதற்கு, பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய உறுப்பின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டலிஸ்ட் உண்மையிலேயே செத்திருந்தாலும், அதைக் கொன்றது எது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டக்கூடாது. எண்ணெய் குடிக்கும் எஞ்சினும் மிஸ் அடிக்கும் எஞ்சினும் புதியதையும் சீக்கிரம் முடித்துவிடும்.

டீசல் வண்டிகளின் கதை எங்கள் சாலையின் கதை. உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் டீச்சர் ஒருவர், பிஎஸ்6 டீசல் எஸ்யூவி வைத்திருந்தார். ஓட்டம் சில கிலோமீட்டர்தான். களியக்காவிளைக்கும் பாலராமபுரத்துக்கும் இடைப்பட்ட பழைய நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும், மூன்றாவது கியரில் நிம்மதியாக ஓட்ட வழியே இருக்காது. டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் கூடுதல் டீசல் தெளித்து, உள்ளே சுமார் 600 டிகிரி சூடேற்றி, கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது நிற்காமல், சீரான வேகத்தில் ஓட வேண்டும். டீச்சரின் வண்டி எரிக்கத் தொடங்கும், பள்ளிக்கூடம் வந்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். சாயங்காலம் மறுபடி தொடங்கும், வீடு வந்துவிடும்.

ஸ்கேனரைச் செருகும் முன் ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. கம்பியை முகர்ந்தால் டீசல் வாசம். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்திருந்தது. இதே நிலையில் ஓட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும். நல்லவேளை, கரி அளவு எல்லை மீறவில்லை. ஆயிலை மாற்றி, டர்போ குழாய்களில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வண்டியைக் காரோடு என்ற ஊருக்குப் போகும் பைபாஸுக்கு எடுத்துப் போனோம். கழக்கூட்டத்திலிருந்து வரும் நாலுவழிச் சாலை அது. முக்கோலைக்கும் காரோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி காங்கிரீட் தளம். அங்கே அறுபது எழுபதில் பிடித்துக்கொண்டு போகப் போக ஸ்கேனரில் கரி அளவு படிப்படியாக இறங்குவதை டீச்சர் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். "அப்ப தப்பு வண்டி மேல இல்லையா சாரே?" என்று கேட்டார். வண்டி மேலும் இல்லை, டீச்சர் மேலும் இல்லை. இந்த ஓட்டத்துக்கு டீசல் கார் பொருந்தாது என்று விற்பவர் சொல்லியிருக்க வேண்டும். வாரம் ஒரு தடவை பைபாஸில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கார் பெட்ரோலாக இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

"டிபிஎஃப்பைக் கழட்டிட்டு புரோகிராம் மாத்தித் தருவீங்களா, இஜிஆரைத் தகடு வச்சு அடைப்பீங்களா, கேட்டலிஸ்ட்டை வெட்டி நேர்க்குழாய் போடுவீங்களா" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். மாட்டேன். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன். கழற்றிய கேட்டலிஸ்டை உலோகத்துக்காக நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, பிக்கப் கூடும் என்று நம்பவும் ஆள் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு முன்னால் நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கும் உயரமும் காரின் சைலன்சர் வாயும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று தெரியும்.

புகை சர்ட்டிபிகேட் இருக்கிறதே என்று கேட்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 115-வது விதிப்படி நடக்கும் அந்தச் சோதனை, பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது, டீசலில் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. இஜிஆர் வேலை செய்யாத டீசல் காரில் கூடுவது அந்த நைட்ரஜன் ஆக்சைடுதான். அந்த வண்டி லைட்டை எரியவிட்டுக்கொண்டே போய் சர்ட்டிபிகேட் வாங்கி வந்துவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சோதனையின்போதே ஸ்கேனரைச் செருகி, லைட் எரிகிறதா, சமீபத்தில் எரர் அழிக்கப்பட்டதா என்று பார்க்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்வதில் ஒரு சிரமமும் இல்லை. சாக்கெட் இன்றைய கார்களில் இருக்கிறது, கருவி விலை குறைவு. கேரளமும் தமிழகமும் சேர்ந்து செய்தால் எங்களைப் போன்ற எல்லை ஊர்களில் இந்தப் பக்கம் கிடைக்காததை அந்தப் பக்கம் போய் வாங்க முடியாது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்த்தாண்டமோ திருவனந்தபுரமோ, எங்கே வாங்கினாலும் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் நிலை வரைக்கும் திருப்பி நிறுத்துங்கள். பட்டன் வண்டி என்றால் கிளட்சையும் பிரேக்கையும் மிதிக்காமல், டாஷ்போர்டு விளக்குகள் எரியும் வரை பட்டனை அழுத்துங்கள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் அப்போது எரிந்தாக வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைந்தாக வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு ஸ்கேனரைச் செருகி, ரெடினஸ் என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் சோதனைகள் எல்லாம் முடியவில்லை என்று காட்டினால், பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது சற்று முன்தான் எரரை அழித்திருக்கிறார்கள். விற்பவரிடம் இன்னும் சில நாள் ஓட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.